மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் நடுவில்

ஆஸ்பத்திரியின் பேச்சுப் பயிற்சித் துறையில் அவளுடைய மேசை ஒரு பெரிய அலமாரிக்குப் பின்னால் இருந்தது. யாரும் அங்கே போடச் சொல்லவில்லை, அவளே இழுத்துப் போட்டுக்கொண்டாள். இயற்பியலில் பட்டம் வாங்கியவளுக்கு அங்கே ஆறு கணினிகளையும் காது சோதிக்கும் இரண்டு கருவிகளையும் ஒழுங்காக வைத்திருக்கும் வேலை. துறையில் எல்லோரும் கம்ப்யூட்டர் பொண்ணு என்று கூப்பிட்டார்கள். வீட்டில் அவள் பெயர் ஊமைக்கோட்டான். வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா என்று அம்மா கேட்பார். அதற்கும் பதில் வராது.

விசைப்பலகை கைக்குக் கிடைத்தால் மட்டும் கதை வேறு.

பக்கவாதத்தில் பேச்சுப் போனவர்களுக்காக அவள் கல்லூரியின் கடைசி வருடத்தில் ஒரு மென்பொருள் எழுதியிருந்தாள். பேச்சுப் பலகை என்று பெயர். திரை முழுக்கக் கட்டம் கட்டமாகப் படங்கள் இருக்கும். ஒன்றைத் தொட்டால் கணினி அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லும். வேண்டிய சொல்லை எழுதிப் புதுக் கட்டமும் வைத்துக்கொள்ளலாம். இலவசம். அதன் நிரல் முழுவதும் இணையத்தில் திறந்தே கிடந்தது. யாரும் எடுக்கலாம், திருத்தலாம். முகம் தெரியாத பதினொரு பேர் எங்கெங்கோ உட்கார்ந்து திருத்திக்கொண்டும் இருந்தார்கள். எதைச் சேர்ப்பது, யாருக்கு என்ன பதில் சொல்வது என்பதெல்லாம் அவள் பொறுப்பு. அங்கே அவள் பெயர் கோட்டான். ஊமையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள்.

பலகையை எழுதியது அவள்தான் என்று துறையில் ஒருவருக்கும் தெரியாது. சொன்னால் மாதக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்திப் பேசச் சொல்வார்கள். அதற்குப் பயந்து, இணையத்தில் பார்த்தேன், நன்றாயிருக்கிறது என்று மட்டும் பயிற்சியாளரிடம் சொல்லித் துறைக் கணினிகளில் போட்டுக் கொடுத்தாள். பயிற்சியாளருக்குப் பிடித்துப்போனது. பேச்சுப் போனவர்களின் வீட்டாருக்கெல்லாம் இணைய முகவரியைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார்.

அப்படி ஒரு சீட்டு வாங்கிப் போன தையல்காரம்மா நான்கு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை காலையில் அலமாரியைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். கையில் துணிப்பை. பைக்குள் துவாலையில் சுற்றிய பழைய மடிக்கணினி. வெளியூரில் வேலை பார்க்கும் மகள் அனுப்பியதாம்.

"மேடம்தான் உன்கிட்ட காட்டச் சொன்னாங்கம்மா. இது பேசமாட்டேங்குது."

அவருடைய கணவர் வெளியே நடைக்கூடத்தில் சக்கர நாற்காலியில் இருந்தார். மொத்தக் காய்கறிச் சந்தையில் இருபத்தாறு வருடம் ஏலம் விட்டவர். அவர் விலை கூவினால் சந்தைக்கு வெளியே லாரிக்காரர்கள் என்ஜினை அணைத்துவிட்டுக் கேட்பார்களாம். இப்போது வலது கையும் வராது, வாயும் வராது. முதல் இரண்டு மாதம் ஏதாவது சொல்ல முயன்றுகொண்டே இருந்தார் என்றும், மூன்றாவது மாதத்தில் அதையும் விட்டுவிட்டார் என்றும் தையல்காரம்மா சொன்னார். அலமாரியின் இடைவெளி வழியே அவர் தெரிந்தார். நாற்காலி கூடத்தைப் பார்த்துத்தான் இருந்தது. முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

தையல்காரம்மா பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே மடிப்புக் கலையாத இரண்டு தாள்கள். நிறுவும் முறை என்ற தலைப்பின் கீழ் ஏழு படிகள். அவள் எழுதிய ஏழு படிகள். ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் பென்சிலால் சின்ன டிக் இருந்தது. சில படிகளுக்கு ஐந்தாறு டிக் இருந்தன.

"துணி வெட்டுற மாதிரிதாம்மா செஞ்சேன். ஒரு எழுத்து அடிக்கிறது, தாளைப் பாக்குறது. ஒரு எழுத்து அடிக்கிறது, தாளைப் பாக்குறது. கடைசியில, குரல் நூலகம் கிடைக்கவில்லைன்னு வருது. எனக்கு என்ன தெரியும்? நம்ம தெரு நூலகத்துலயே போய்க் கேட்டேன். அந்த நூலகர் நல்ல மனுஷன், சிரிக்கல. இதெல்லாம் அச்சடிச்சுக் குடுத்தவரும் அவர்தான். அந்த இணையத்துலயே கேளுங்க, எழுதினவங்களே பதில் சொல்வாங்கன்னு சொன்னார். கேட்டோம்."

இரண்டாம் தாளில் அந்தக் கேள்வி இருந்தது. நூலகர் தட்டச்சு செய்து கொடுத்திருக்க வேண்டும், வாக்கியங்கள் திருத்தமாக இருந்தன. வணக்கம் சொல்லி, கணவருக்கு வந்ததைச் சொல்லி, ஏழு படிகளையும் செய்துவிட்டதைச் சொல்லி, தயவுசெய்து உதவுங்கள் என்று முடித்திருந்தார். கீழே பதில் ஒரே வரிதான்.

ஆவணத்தை முழுவதும் படித்துவிட்டு வரவும்.

அதற்கும் கீழே பதில் சொன்னவர் பெயர். கோட்டான். அதற்கும் கீழே, கேள்வி மூடப்பட்டது.

"யாரோ கோட்டானாம்," என்றார் தையல்காரம்மா. கோபமில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியாரைப் பற்றிச் சொல்வதுபோலத் தாழ்ந்த குரல். "முழுசா படிச்சிட்டேம்மா. பதினோரு தடவை படிச்சிட்டேன். எந்த வரியை விட்டேன்னுதான் தெரியல."

அவள் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எதையாவது விட்டிருப்பார்கள், எல்லோரும் விடுவதுதான் என்று அந்த நேரத்திலும் நினைத்தாள். பழையதை அழித்துவிட்டு முதல் படியிலிருந்து தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. தாளில் இருந்ததை இருந்தபடியே செய்தாள். ஏழாம் படி முடிந்து கடைசி விசையைத் தட்டினாள்.

குரல் நூலகம் கிடைக்கவில்லை.

காது மடல் சுட்டது. பலகை பேசுவதற்கு இன்னொரு மென்பொருளின் உதவி வேண்டும். எழுத்தைக் குரலாக மாற்றும் சின்ன மென்பொருள் அது. அதைத் தனியாக இறக்கி வைக்க வேண்டும். அவள் கல்லூரி முதல் வருடத்தில் வேறு எதற்கோ அதைத் தன் கணினியில் இறக்கியிருந்தாள். அப்புறம் அது அங்கேயே இருந்தது, வீட்டுச் சுவர் மாதிரி. இருப்பதே மறந்துபோனது. ஏழு படிகளையும் அந்தக் கணினியில்தான் செய்து பார்த்து எழுதினாள். துறைக் கணினிகளுக்குப் படிகளே தேவைப்படவில்லை. தன்னுடையதிலிருந்து அப்படியே நகல் எடுத்துப் போட்டிருந்தாள். திருத்திக் கொடுக்கும் பதினொரு பேரும் நிரல் எழுதுகிறவர்கள். அது இல்லாத கணினி அவர்களில் யாரிடமும் இருந்திருக்காது. பலகை யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களிடம் மட்டும்தான் அது இல்லை.

மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் நடுவில் ஒரு வரி வந்திருக்க வேண்டும்.

இறக்கினாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. திரையில் கட்டங்கள் வந்தன. தண்ணீர் என்ற கட்டத்தைத் தொட்டாள். "தண்ணீர்," என்றது கணினி.

தையல்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். "நான்தான் எதையோ விட்டுட்டேனாம்மா?"

இல்லை என்பது மூன்றே எழுத்து. சொல்லியிருக்கலாம். ஆனால் இல்லை என்றால், பிறகு யார் விட்டது என்று வரும்.

"ஆமாம்மா," என்றாள். "சின்னதுதான். எல்லாருக்கும் நடக்கிறதுதான்."

தையல்காரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "நாலு மாசம். அந்த மனுஷன் நாலு மாசமா சுவரைப் பாத்துட்டு உக்காந்திருக்கார். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்." பிறகு அவள் கையைப் பிடித்து, நன்றாயிரு என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் தட்டில் போட்டதைக் கிளறிக்கொண்டே இருந்தாள். ஊமைக்கோட்டானுக்கு இன்னிக்கு என்ன, யாராவது வலுக்கட்டாயமா பேச வெச்சிட்டாங்களா என்று தம்பி கேட்டான். அம்மா கூடச் சிரித்தார். கோட்டான் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் எழுந்து கை கழுவப் போனாள்.

அறைக்குப் போய்ப் பலகையின் பக்கத்தைத் திறந்து, மூடப்பட்ட கேள்விகளின் பட்டியலை எடுத்தாள். குரல் நூலகம் என்று தேடினாள். முப்பத்தெட்டு வந்தன. முப்பத்தெட்டுக்கும் அதே ஒரே வரி. அந்தப் பதிலை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு ஒட்டிக்கொண்டே வந்திருந்தாள். தட்டச்சு செய்யும் சிரமம்கூடப் பட்டிருக்கவில்லை. பல பதில்களுக்குக் கீழே மற்றவர்கள் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள். அவை வந்த நாட்களில் அவளுக்கு எவ்வளவு சந்தோஷமாயிருந்தது என்பது ஞாபகம் வந்தது.

பதினொரு பேரில் ஒருவர் போன வருடம் கேட்டிருந்தார். ஒரே இடத்தில் இத்தனை பேர் தடுக்கி விழுகிறார்களே, அங்கே கல் இருக்கிறதா என்று பார்க்கலாமா என்று. அதற்கும் அவள் பதில் எழுதியிருந்தாள். இத்தனை பேர் கீழே பார்த்து நடப்பதில்லை என்றுதான் அர்த்தம். அதற்கு ஒன்பது கட்டைவிரல்கள்.

ஒரு வரியைச் சேர்த்தால் முடிந்துவிடும் வேலை. உட்கார்ந்து அந்த வரியைச் சேர்த்தாள். சேர்த்தபிறகு பார்த்தபோது எட்டு படிகள் ஆகியிருந்தன. எட்டையும் தையல்காரம்மா ஒரு எழுத்து அடித்து, தாளைப் பார்த்து, ஒரு எழுத்து அடிப்பதை நினைத்தாள். வரி விட்டுப்போனது ஒரு குற்றம். படிகளே இருந்தது அதைவிடப் பெரிய குற்றம் என்று பட்டது. ஏன் ஒருத்தர் தண்ணீர் கேட்க எட்டுப் படி ஏற வேண்டும்?

அடுத்த மூன்று வாரம் அவள் வேறு எதுவும் செய்யவில்லை. துறையில் கழித்துப் போட்டிருந்த ஒரு கணினியைக் கேட்டு வாங்கி, அதில் இருந்ததையெல்லாம் துடைத்தாள். பலகையையும் குரலையும் ஒரே கோப்பாகக் கட்டி, இரண்டு முறை கிளிக் செய்தால் தானே எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும்படி எழுதினாள். எழுதுவாள், காலிக் கணினியில் போட்டுப் பார்ப்பாள், தவறும், மறுபடி முழுவதும் துடைப்பாள். ஒருநாள் தேநீர் வேளையில் பயிற்சியாளர் எட்டிப் பார்த்து, அதை எத்தனை தடவைதான் குளிப்பாட்டுவ என்று கேட்டார். தன் கணினியை அவள் இனி நம்புவதாக இல்லை. அதற்கு ரொம்பத் தெரிந்திருந்தது.

முப்பத்தெட்டுப் பேருக்கும் எழுதினாள். இந்த முறை ஒட்டவில்லை, தனித்தனியாக எழுதினாள். ஆனால் எல்லாவற்றிலும் ஒரு வாக்கியம் ஒன்றுபோலவே வந்தது. ஆவணத்தில் தவறு இருந்தது, வருந்துகிறோம். நான் என்று ஒரு இடத்திலும் இல்லை. பலர் பதிலே போடவில்லை. சிலர் பரவாயில்லை என்றார்கள். ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: அம்மா ஜனவரியில் போய்விட்டார். ஆனாலும் தெரியப்படுத்தியதற்கு நன்றி.

அதைப் படித்த அன்று அவள் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போகவில்லை.

கடைசியில் ஒன்று பாக்கி இருந்தது. கணினி தெரியாத ஒருவர் தானாக நிறுவ வேண்டும், அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பார்க்க வேண்டும். வாயைத் திறக்காமலிருப்பது அவளுக்குப் பழகியதுதான். ஆள்தான் வேண்டும். பயிற்சியாளரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அதுக்கென்ன, நம்ம தையல்காரம்மா இருக்காங்களே," என்றார் பயிற்சியாளர். "தையல் கடைக்குப் புதுசா ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருக்காங்க, அதுலயும் போடணும்னு கேட்டுட்டே இருந்தாங்க. புதன்கிழமை கொண்டு வரச் சொல்றேன்."

வேறு யாராவது என்று சொல்ல நினைத்தாள். சொல்லவில்லை. பாவம் செய்தவள் எந்தத் தெருவில் திரும்பினாலும் அதே வீட்டு வாசல்தான்.

புதன்கிழமை தையல்காரம்மா கடைக் கணினியோடு வந்தார். இந்த முறை கணவரையும் உள்ளேயே அழைத்து வந்து நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அவர் மடிமேல் மடிக்கணினி, அதில் பலகை. தலைமுடி படிய வாரியிருந்தது. முகம் நேராக இருந்தது. அவள் அந்த முகத்தைப் பார்க்காமல் கணினியைப் பார்த்தாள்.

"நான் எதுவும் சொல்லமாட்டேம்மா. நீங்களே செய்ங்க," என்றாள். கை தானாக நீண்டுவிடும் என்று இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

தையல்காரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டார். கோப்பை இரண்டு முறை கிளிக் செய்தார். ஒரு பெட்டி திறந்தது. எங்கே நிறுவ வேண்டும் என்று கேட்டது. அவர் யோசித்தார்.

"கடையிலதான்," என்றார் திரையைப் பார்த்து. பிறகு அந்தப் பெட்டிக்குள் கடை என்று கவனமாகத் தட்டச்சு செய்யப் போனார்.

அந்தக் கேள்வி எதற்கு அங்கே? எல்லா மென்பொருளும் கேட்கிறது என்று அவளும் கேட்டு வைத்திருந்தாள். அவள் மனதுக்குள் குறித்துக்கொண்டாள். தையல்காரம்மாவே ஒரு நிமிடம் கழித்து, இதைக் கேட்டு இதுக்கென்ன ஆகப்போகுது என்று சலித்துக்கொண்டு, அடுத்து என்பதை அழுத்தினார். பெட்டி மறைந்தது. கட்டங்கள் வந்தன. அவர் தண்ணீரைத் தொட்டார்.

"தண்ணீர்."

"அவ்ளோதானா?" என்றார் தையல்காரம்மா. "இதுக்கா நான் அன்னிக்கு அந்தப் பாடு பட்டேன்?"

பயிற்சியாளர் கைதட்டிவிட்டு, நாற்காலிக்காரரிடம் குனிந்தார். இந்த வாரம் வீட்டில் ஒழுங்காகப் பயிற்சி செய்தாரா என்று கேட்டார். அவர் இடது கை விரலைத் தூக்கினார். திரையில் ஒரு மூலைக்கு அது மெல்லப் போயிற்று. தொட்டது.

"ஆவணத்தை முழுவதும் படித்துவிட்டு வரவும்," என்றது பலகை.

பயிற்சியாளர் ஒரு கணம் திகைத்துவிட்டு உரக்கச் சிரித்தார். நாற்காலிக்காரரின் வாயில் ஒரு பக்கம் மட்டும் மேலே ஏறியது. தொண்டையிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம். அதுவும் சிரிப்புதான்.

"நான்தான் வெச்சேன்," என்றார் தையல்காரம்மா, கொஞ்சம் வெட்கத்தோடு. "ஆயுசு முழுக்க பட்டன் தைக்கிறவளுக்கு இதுல ஒரு பட்டன் வைக்கத் தெரியாதா? அதுல இருக்கிற வார்த்தை எல்லாம் ரொம்ப மரியாதை. தண்ணீர், நன்றி, வலிக்கிறது. ஏலம் விட்ட மனுஷனுக்கு இது போதுமா? ஒருத்தரை ஒரு போடு போட வேண்டாமா? எனக்கு வந்த பதில் மனப்பாடமா இருந்துச்சு, அதையே எழுதினேன். முதல் தடவை அழுத்தினப்ப சிரிச்சார் பாருங்க, நாலு மாசத்துல அன்னிக்குத்தான். இப்ப மாத்திரை போட்டீங்களான்னு கேட்டா இதுதான் பதில். மகள் போன்ல கேட்டாலும் இதுதான். அந்தக் கோட்டான் எங்க இருந்தாலும் புண்ணியமாப் போகட்டும்."

"யாரு அந்தக் கோட்டான்?" என்று பயிற்சியாளர் கேட்டார்.

யாருக்கும் தெரியாது என்பதுபோல் தையல்காரம்மா கையை விரித்தார்.

அவள் கைகள் இன்னும் தொடைக்கடியில் இருந்தன. மரத்துப்போயிருந்தன. கடைக் கணினியின் திரை அவளுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. பலகையின் முதல் கட்டமே நான் என்ற சொல். அவளேதான் அதை முதலில் வைத்தாள். தொட்டால் அது சொல்லிவிடும். ஒரு கையை வெளியே எடுத்தாள். அதுவும் அலமாரிக்குப் பின்னால் ஒளிவதுதான் என்று தோன்றியது. கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான்தான்," என்றாள்.

சரியாகக் கேட்கவில்லை. பயிற்சியாளர் என்ன என்றார்.

"கோட்டான் நான்தான். பலகை எழுதினதும் நான்தான்." தையல்காரம்மாவின் முகத்தைப் பார்க்காமல் அவர் கையிலிருந்த பையைப் பார்த்துச் சொன்னாள். "நீங்க எதையும் விடலம்மா. அந்த வரி தாள்லயே இல்ல. நான் எழுதல. அன்னிக்கே எனக்குத் தெரியும். நீங்க விட்டுட்டீங்கன்னு பொய் சொன்னேன்."

பயிற்சியாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். மன்னித்துவிடுங்கள் என்று அவள் சொல்ல வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொன்னால் தையல்காரம்மா பரவாயில்லை என்று சொல்ல வேண்டி வரும். அதை அவரிடம் கேட்டு வாங்க வாய் வரவில்லை.

தையல்காரம்மா பைக்குள் கைவிட்டு அந்தப் பிளாஸ்டிக் உறையை எடுத்தார். முதல் தாளை உருவி மேசைமேல் விரித்தார். ரவிக்கையில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அதன்மேல் வைத்தார்.

"எங்க வரணும்? எழுதிக் காட்டு."

அவள் மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் நடுவிலிருந்த சின்ன இடைவெளியில் எழுதினாள். பதினொரு தடவை படித்த தாள். எழுத இடம் போதாமல் கடைசி இரண்டு சொற்கள் ஓரத்தில் ஏறின.

தையல்காரம்மா குனிந்து படித்தார். விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக. முடித்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"ஒரே வரி," என்றார்.

"ஆமாம்மா."

"அன்னிக்கு ராவெல்லாம் அவரைப் பாத்து நான் அழுதேன். என்னாலதானேன்னு." திட்டவில்லை. அளவு சொல்வதுபோலச் சொன்னார். தாளை முன்பிருந்த மடிப்பிலேயே மடித்து உறைக்குள் வைத்தார். பென்சிலைத் திரும்பச் செருகிக்கொண்டார். "மேல்கொண்டு நான் என்ன சொல்றது, நீதான் படிச்ச பொண்ணு."

கடைக் கணினியைத் துவாலையில் சுற்றும்போது, அந்தக் கட்டத்தை எடுத்துவிடட்டுமா, வேறு ஏதாவது நல்லதாக வைத்துத் தருகிறேன் என்று அவள் மெல்லக் கேட்டாள். தையல்காரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"எதுக்கு? அவருக்குப் பிடிச்சிருக்கு. இருக்கட்டும்."

அவள் அன்றே அந்த எங்கே நிறுவ வேண்டும் என்ற கேள்வியை எடுத்தாள். பலகையின் முகப்பில் எழுதியவர் பெயர் என்ற இடத்தில் கோட்டானை அழித்துவிட்டுத் தன் பெயரையும், கேட்க வேண்டியவர்கள் கேட்கத் துறையின் தொலைபேசி எண்ணையும் போட்டாள். இப்போது வாரத்துக்கு மூன்று நான்கு பேர் அழைக்கிறார்கள். எடுத்ததும் திரையில என்ன தெரியுதுன்னு சொல்லுங்க என்பாள்.

புதன்கிழமைகளில் ஏலக்காரர் வருகிறார். பயிற்சியாளர் ஏதாவது கேட்பார். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது, விரல் மூலைக்குப் போகும் நேரம் அது. அலமாரிக்குப் பின்னால் அவள் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டுக் காத்திருப்பாள். பலகை அவளுடைய வாக்கியத்தைச் சொல்லும். எல்லோரும் சிரிப்பார்கள்.